வாலுக்குத் தனிப் பட்டா

உக்காருங்க சார், உக்காருங்க. கவர்மென்ட் பெஞ்சுதானே, எங்கப்பன் வீட்டுதா? அந்த ஓரம் வேணாம், காத்து திரும்பினா சிங்கம் நம்ம மேலயே துப்பிடும். இப்படி வாங்க. ஆங். என்னது, வேர்க்கடலையா? குடுங்க, குடுங்க. வேணாம்னு சொல்லிப் பழக்கம் இல்ல.

ஊருக்குப் புதுசா சார்? நீங்க தலையாட்டறது ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவுல நிக்குது. சரி, புதுசுன்னே வெச்சுக்கறேன். பழைய ஆளுங்க யாரும் என் பக்கத்துல வந்து உக்கார மாட்டாங்க.

இதுக்குப் பேரு சுங்கத் திடல். பிரெஞ்சுக்காரன் காலத்துல கப்பல்ல வந்த சரக்கை இங்க இறக்கித்தான் வரி போட்டானாம். போர்டுல 'சுங்கச் சதுக்கம்'னு எழுதியிருக்கு. அப்படிச் சொல்லி ஆட்டோ ஏறினீங்கன்னா உங்களை வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவான். சுத்திப் பாருங்க. மஞ்சச் சுவரு, வெள்ளை ஜன்னல், ஒரு கடை கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. இந்த மூலையில இருமினா அந்த மூலையில புறா பறக்கும். நடுவுல இந்த பவுண்டன். இரும்புல வார்த்து அங்கேருந்தே கொண்டாந்தது. கீழ நாலு சிங்கம், பல்லு விளக்கிட்டு வாய் கொப்புளிக்கற மாதிரி. அதுக்கு மேல நாலு பொம்பளைங்க. இடுப்பு வரைக்கும் பொம்பளை, அதுக்குக் கீழ வஞ்சிரம். உச்சியில ஒரு குண்டுப் பையன், சட்டை கிடையாது, ட்ரவுசர் கிடையாது, கையில ஒரு சங்கு மட்டும். இன்னும் பால் குடி மறக்கலையோ என்னவோ.

அதை விடுங்க, நீங்க கதைக்கு வாங்க.

என்ன சார் சிரிக்கறீங்க? நான் கதையே ஆரம்பிக்கலையா? ஆரம்பிச்சுடலாம்.

நான் பலகுரல் தேவநாதன். கடலூர்லேருந்து காரைக்கால் வரைக்கும் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன், எங்க மைக் இருக்கோ அங்க நான் இருப்பேன். ஆட்டோ ஸ்டார்ட் ஆகாம இருமறது, ரயில்வே அனவுன்ஸ்மென்ட் அம்மா, கரண்ட் ஆபீஸ்ல போனை எடுத்துட்டு எடுக்காத மாதிரி பேசறவன், எல்லாம் வரும். யாரா இருந்தாலும் நாலு வார்த்தை பேசினா போதும், ஆளை அப்படியே உரிச்சு எடுத்துடுவேன். நீங்க வந்ததுலேருந்து வாயே திறக்கல பாருங்க, அதனால தப்பிச்சீங்க. பேசாத ஆளைப் பாத்தா எனக்கு பூட்டின கடை முன்னாடி நிக்கற மாதிரி இருக்கும்.

திருப்பி என்னை யாராலயும் செய்ய முடியாது, தெரியுமா? நிறைய பேர் முயற்சி பண்ணாங்க. முடியல. ஏன்னா எனக்குன்னு ஒரு ஸ்டைல் கிடையாது சார். ஒரு இழுப்பு கிடையாது, ஒரு பழக்க வார்த்தை கிடையாது. பச்சைத் தண்ணி மாதிரி குரல். பிடிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு? அதை விடுங்க, நீங்க கதைக்கு வாங்க.

இன்னிக்கு எம் பொண்ணைப் பொண்ணு பாக்க வராங்க. இங்கதான். இந்த பவுண்டன்கிட்டதான். முழிக்காதீங்க, இப்பல்லாம் அப்படித்தான். வீட்டுக்கு வரச் சொல்லி பஜ்ஜி, சொஜ்ஜி போட்டு, அவங்க 'போய் லெட்டர் போடறோம்'னு போயிட்டா, தெருவே துக்கம் விசாரிக்க வருது. அதனால ரெண்டு குடும்பமும் எதேச்சையா சந்திச்ச மாதிரி. நாங்க காத்து வாங்க வந்தோம், நீங்களும் காத்து வாங்க வந்தீங்க, அட, உங்களுக்கு இவ்ளோ பெரிய பையன் இருக்கானா, எங்களுக்கு இவ்ளோ பெரிய பொண்ணு இருக்காளே! எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரியே நிக்கணும். நான் எத்தனையோ நாடகம் போட்டிருக்கேன், இந்த அளவுக்கு மோசமா யாரும் நடிச்சுப் பாத்ததில்ல.

எம் பொண்ணு நித்திலா காலையில என்னைக் கூப்பிட்டா. "அப்பா, நீங்க முன்னாடியே போயிடுங்க. சிங்கம் துப்பாத பெஞ்சா பாத்து உக்காருங்க. நகரக் கூடாது. யாராவது பக்கத்துல வந்து உக்காந்தா பேசிக்கிட்டு இருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்ததும் வாயை மூடிக்கணும். சரியா?" எம் பொண்டாட்டி குமுதவல்லி அதைக் கூடச் சொல்லல. அவ சொல்ல மாட்டா. இந்த ஒரு வருஷமா அவ எனக்குச் சோறு போடறா, துவைச்சுப் போடறா, ஆனா நான் எது செஞ்சாலும் சிரிக்க மாட்டேங்கறா. இருபத்தெட்டு வருஷமா என் முதல் ரசிகை சார். குக்கர் விசில் மாதிரி செஞ்சு காட்டினாலே புரண்டு புரண்டு சிரிச்சவ. இப்ப குக்கரையே பாத்துட்டு நிக்கறா. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா அவ சிதம்பரத்துல அண்ணன் வீட்டுக்குப் போயிடுவாளாம். நித்திலாகிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட நேரா சொன்னா நான் அவ குரல்லயே திருப்பிச் சொல்லிடுவேனாம்.

சொல்லியிருப்பேன்தான்.

எல்லாம் போன வருஷம் நடந்த கூத்து. இதே திடல், இதே எதேச்சை. அப்ப வந்த சம்பந்தம் பெரிய இடம். மாப்பிள்ளையோட அப்பா கோதண்டபாணி, கடலூர்க்காரர், ரிட்டயர்டு தாசில்தார். நான் அவரைப் பாத்ததில்ல. திருவிழா சீசன், ஊர் ஊரா அலைஞ்சுக்கிட்டிருந்தேன், போட்டோவைக் கூடப் பாக்கல. குமுதாதான் தரகரோட பேசி எல்லாம் முடிவு பண்ணா. நான் நேரா ஒரு நிகழ்ச்சி முடிச்சுட்டு இங்க வந்து இறங்கறேன். நித்திலா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அதோ பாருங்கப்பா, பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு நிக்கறாங்களே, கூட ரெண்டு மூணு பேர், அவங்கதான் மாப்பிள்ளை வீடு. நீங்க போய் எதேச்சையா பேச்சுக் குடுங்க. உங்களை மாதிரி யாருக்குப்பா கலகலப்பா பேச வரும்?"னா.

பெத்த பொண்ணு அப்படிச் சொன்னா எந்த அப்பனுக்கு சார் குளிராது?

போனேன். பேச்சுக் குடுத்தேன். எவ்ளோ நல்ல ஜனங்க! பேச்சுல கொங்கு வாடை அடிச்சுது, 'ஈரோடா?'ன்னேன், 'ஆமாங்க'ன்னாங்க. கடலூர்க்காரங்க எதுக்கு ஈரோடுங்கறாங்கன்னு ஒரு நிமிஷம் இடிச்சுது. சரி, தெரியாத மாதிரி நடிக்கறாங்க, பிரமாதமா நடிக்கறாங்கன்னு நினைச்சேன். நானும் விடல. 'எனக்குக் கல்யாண வயசுல பொண்ணெல்லாம் கிடையாது'ன்னேன். எதேச்சைன்னா எதேச்சை, அதுல நமக்கு சுத்தம் வேணும்.

அப்ப இந்த பவுண்டனைச் சுத்தி ஒரு மனுஷன் சுத்தி வந்துக்கிட்டிருந்தார். சபாரி சட்டை, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, எதைப் பாத்தாலும் குத்தம். பல்செட்டு லூசு போல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில ஒரு விசில். "தண்ணி எல்லாம் வேஸ்ட்டுஸ்ஸ்... பொதுச் சொத்துஸ்ஸ்... ஆக்சுவலா யாரு இதுக்குப் பொறுப்புஸ்ஸ்? புரியுதா?" பக்கத்துல ஆளே இல்ல சார், புறாகிட்ட கேக்கறார் புரியுதான்னு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாய் மட்டும் ஓடுது. பச்சைப் பட்டு அம்மா வேற, "அந்த ஆளு யாருங்க, ஏன் இப்படிக் கத்தறாரு?"ன்னு கேட்டுட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மாவே கேக்கறாங்க, செய்யாம இருந்தா மரியாதையா?

இங்க ஒண்ணு கவனிங்க. இந்தத் தண்ணி விழற சத்தம் இருக்கே, இது ஒரு திரை மாதிரி. இதோ நாம இவ்ளோ நேரம் பேசறோம், அடுத்த பெஞ்சுக்குக் கேக்காது. தொழில்காரனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கு. தண்ணி ஓடற வரைக்கும் ஆபத்து இல்லன்னு அளந்துதான் ஆரம்பிச்சேன். கையைப் பின்னாடி கட்டினேன். நெஞ்சை நிமித்தினேன். அந்த நாலு மீன் பொம்பளைங்களையும் பாத்து, அந்த ஆள் குரல்லயே விசாரணை போட்டேன்.

"ஏம்மாஸ்ஸ், நாலு பேரும் எந்த ஊருஸ்ஸ்? பிறப்பிடச் சான்றிதழ் எங்கஸ்ஸ்? வருமானச் சான்றிதழ் எங்கஸ்ஸ்? இடுப்புக்கு மேல புறம்போக்குஸ்ஸ், இடுப்புக்குக் கீழ நீர்நிலை ஆக்கிரமிப்புஸ்ஸ்..." ஈரோட்டுக்காரங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறாங்க. எனக்குக் கேக்கணுமா? கடைசி வரியை மட்டும் அப்படியே கையில வெச்சுக்கிட்டு, ஒரு மூச்சு இழுத்து, ஒரு நொடி விட்டு... டைமிங் சார், நம்ம தொழில்ல டைமிங்தான் உயிர்... அடிச்சேன்:

"வாலுக்குத் தனியா பட்டா வாங்கணும்ஸ்ஸ்! புரியுதாஸ்ஸ்?"

அந்த நொடி பாத்து தண்ணி நின்னுடுச்சு.

முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல. நாலு சிங்கமும் ஒரே நேரத்துல வாயை மூடிடுச்சு. நான்தான் திறந்து வெச்சிருக்கேன். 'பட்டா வாங்கணும்ஸ்ஸ்' அந்த மஞ்சச் சுவத்துல போய் மோதி, இந்த மஞ்சச் சுவத்துல வந்து மோதி, 'ஸ்ஸ்... ஸ்ஸ்...'னு திடல் பூரா சுத்துது. புறா எல்லாம் எழும்பிடுச்சு. திரும்பிப் பாக்கறேன், குமுதா நிக்கறா. அவ பக்கத்துல தரகர் நிக்கறார். தரகர் பக்கத்துல சபாரி சட்டை நிக்குது.

அவர் கேக்கறார், "ஆக்சுவலா யாரு அதுஸ்ஸ்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா தொழில்னு ஒண்ணு இருக்கே சார். யாராவது ஒரு வார்த்தை விட்டா திருப்பி விடணும்னு நாக்குல ஸ்பிரிங் வெச்ச மாதிரி ஆகிப்போச்சு. "ஆக்சுவலா யாரு அதுஸ்ஸ்?"ன்னு என் வாய் கேட்டுடுச்சு. அவரை விடச் சுத்தமா.

அப்பவும் ஒண்ணும் முழுகிப் போகல. அவர் பின்னாடி நின்ன மாப்பிள்ளைப் பையன் கொல்லுனு சிரிச்சான் பாருங்க, அதுலதான் முழுகினது. பெத்த பிள்ளையே சிரிக்கறான்னதும் அந்த மனுஷன் பல்செட்டைக் கையில எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடந்தார். அதுக்கப்புறம் ஒரு விசில் கூட வரல.

அவ்ளோதான். அன்னிலேருந்து எந்தச் சம்பந்தம் பேசினாலும், 'ஓ, அந்த வால் பட்டாக்காரர் பொண்ணா?'ங்கறாங்க.

இதுல என் தப்பு என்ன சார் இருக்கு, நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, தெரியும். நான் சொல்றேன். ஒண்ணு, நித்திலா ஆளை மாத்திக் காட்டிட்டா. பாவம், கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்து கண்ணு பவர் ஏறியிருக்கும். ரெண்டாவது, அந்தத் தண்ணி. கொஞ்ச நேரம் முன்னாடிதான் நித்திலா அந்த பம்பு ரூமுக்குப் போய் 'தண்ணி நல்லா வருதே'ன்னு பாராட்டிட்டு வந்தா. அவ அப்படித்தான், வேலை செய்யறவங்கன்னா மரியாதையா ரெண்டு வார்த்தை பேசுவா. இங்க பக்கத்துல இன்சூரன்ஸ் ஆபீஸ்லதான் வேலை. ஆபீஸ்ல ஏசி போட்ட கேன்டீன் இருக்கு, ஆனா மத்தியானம் டிபன் பாக்ஸை இந்த வெயில்ல இங்க வந்துதான் திறப்பா. சிங்கத்து மேல அவ்ளோ பிரியம்.

வீட்டுக்குப் போனதும் பொண்ணு கட்டில்ல குப்புற விழுந்தா. தலையணையில மூஞ்சை அழுத்திக்கிட்டு குலுங்கறா, குலுங்கறா, அப்படிக் குலுங்கறா. சத்தமே வரல. தோள் மட்டும் ஆடுது. தலையைத் தடவிக் குடுத்தா இன்னும் அதிகமாக் குலுங்கறா. 'போங்கப்பா, போங்க'ன்னு தள்ளி விட்டா. நான் தாசில்தார் குரல்ல 'அழாதம்மாஸ்ஸ்'னேன், ஆறுதலுக்கு. கட்டில்லேருந்தே உருண்டு விழுந்துட்டா.

நான் சும்மா விடல. இந்த பவுண்டனைப் பராமரிக்கறவங்க மேல பெட்டிஷன் குடுத்தேன். அதோ, பம்பு ரூம் வாசல்ல நிக்கறான் பாருங்க, நீலச் சட்டை, அந்த இன்ஜினியர் பையன்தான் வாங்கிக்கிட்டான். இளம்பரிதின்னு பேரு. தங்கமான பையன் சார். "மன்னிச்சுக்கங்க சார், நான் நேர்லயே வந்து விசாரிக்கறேன்"னான். வந்தான். வீட்டுக்கே வந்தான். ஒரு தடவை இல்ல, மாசத்துல ரெண்டு மூணு தடவை. நான் இல்லாத நாள்ல கூட வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கான்னா பாத்துக்கங்க. நித்திலாதான் காபி போட்டுக் குடுப்பா. இந்தக் காலத்துல கவர்மென்ட்ல இப்படிக் கடமை உணர்ச்சி எங்க இருக்கு? நான் நித்திலாகிட்டயே சொன்னேன், 'பாத்தா இப்படி ஒரு பையனைப் பாக்கணும்மா'ன்னு. 'சரிப்பா, பாக்கறேன்'னா. அப்பன் பேச்சைத் தட்டவே மாட்டா.

இன்னிக்கு என்னவோ சட்டை புதுசாட்டம் இருக்கு. கையாட்டறான் பாருங்க. உங்களுக்கா எனக்கா? எனக்குத்தான் இருக்கும். வரேம்ப்பா, வரேன்!

நீங்க என்ன சார், நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து தொடையில விரலை வெச்சு என்னமோ சுழிச்சுக்கிட்டே இருக்கீங்க? நரம்பு வலியா? நல்லெண்ணெய் தடவுங்க.

அதை விடுங்க, நீங்க கதைக்கு வாங்க. இன்னிக்கு வரப்போற சம்பந்தத்தைப் பத்தி சொல்றேன். பையன் பி.டபிள்யூ.டி. இன்ஜினியராம். இந்த ஊர்ல இன்ஜினியருக்கா பஞ்சம்? போட்டோ காட்டு, பேராவது சொல்லுன்னேன். நித்திலா மாட்டேன்னுட்டா. 'பேரைச் சொன்னா அதையே விதவிதமாக் கூப்பிட்டுப் பாப்பீங்க'ன்னா. ஞாயம்தான். அப்பா மட்டும் யாருன்னு சொன்னா. காரைக்கால் கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதி ரிட்டயர்டு ஆனவராம். நினைச்சுப் பாருங்க, வாழ்நாள் பூரா அடுத்தவன் பேசறதைக் கேட்டுக் கேட்டு எழுதினவர். சொந்தமா ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? பேச மறந்தே போயிருக்கும். அப்படி ஒரு உம்மணாமூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எப்படி சார் காலம் தள்றது? நாளைக்குப் பொங்கல், தீபாவளின்னா எதிரெதிர உக்காந்து சாப்பிடணுமே. அவர் வாயைத் திறந்தாத்தானே எனக்குப் பொழுது போகும்?

ஆனா சம்மதம். முழுச் சம்மதம். கல்லா இருந்தாலும் சம்மதம். அவர் முன்னாடி நான் வாயே திறக்கப் போறதில்ல. சபதம் பண்ணியிருக்கேன். குமுதா அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, நான் வீட்டுல யாருக்கு சார் குக்கர் மாதிரி கத்திக் காட்டுவேன்? சுவத்துக்கா? ... இல்ல, ஒண்ணும் இல்ல. கடலைத் தோல் தொண்டையில மாட்டிக்கிச்சு.

இந்தத் தடவை ஏமாற மாட்டேன். மாப்பிள்ளையோட அப்பனை எனக்குத் தூரத்துலேருந்தே அடையாளம் தெரியும். ஒரு நடை இருக்கு அவங்களுக்கு, திடலையே எழுதி வாங்கப் போற மாதிரி. அதோ, குமுதாவும் நித்திலாவும் வந்துட்டாங்க. நித்திலா புடவையில எப்படி இருக்கா பாருங்க! ஏன் அவங்க நேரா நம்ம பெஞ்சுக்கு வராங்க? தெரியாத மாதிரில்ல நிக்கணும்? அந்த இளம்பரிதிப் பையன் வேற பம்பு ரூமுக்குள்ள ஓடறான். எதுக்கு ஓடறான்?

தண்ணி நின்னுடுச்சு! பாத்தீங்களா, பாத்தீங்களா, மறுபடியும் நிறுத்திட்டான்! நான் பெட்டிஷன் குடுத்தும்...

...

யாரு சார் பேசினது? 'அதை விடுங்க, நீங்க கதைக்கு வாங்க'ன்னு, இப்ப, திடலே அதிர்ற மாதிரி, யாரு? நீங்களா? நீங்க பேசுவீங்களா?

'எனக்குன்னு ஒரு ஸ்டைல் கிடையாது சார்.' தொடையில ஒரு தட்டு வேற தட்டிட்டுச் சொல்றீங்க. 'டைமிங் சார், நம்ம தொழில்ல டைமிங்தான் உயிர்.' இது... இது யாரு? இந்த ஆளை எனக்குத் தெரியுமே. எங்கயோ கேட்ட குரலா இருக்கே. எவன் சார் அவன், இப்படி 'சாஆர்'னு இழுக்கறவன்?

நித்திலா, ஏம்மா சிரிக்கறே? நானா? நான் அப்படியா பேசறேன்? போடி. தம்பி இளம்பரிதி, நீ எதுக்குப்பா இந்தப் பெரியவர் பக்கத்துல வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கறே? என்னது, அப்பாவா? யாருக்கு அப்பா? உனக்கா?

அடப்பாவி மனுஷா. ஒரு பொட்டலம் கடலையைக் குடுத்து முழு வாக்குமூலத்தையும் வாங்கிட்டீரே.

குமுதா, நீயாவது சொல்லு, நான் அப்படியா... ஏய். நீ சிரிக்கறியா? பெஞ்சைப் பிடிச்சுக்க, விழுந்துடப் போறே. முந்தானையை எடுத்துட்டு சிரி, நான் பாக்கறேன்.

இன்னொரு தடவை செய்யுங்க சம்பந்தி. அந்த 'அதை விடுங்க'வை மெதுவா செய்யுங்க. நான் கத்துக்கறேன்.